எங்களுக்கு ஒரு பெஞ்சும் அடையாள அட்டையும் கொடுங்கள்

சேலத்தில் எங்களைப் பிழைக்க வைத்த மருத்துவமனையின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்ல, உங்களிடம் குணமான எங்களுக்கு ஒரு பெஞ்சும் அடையாள அட்டையும் கேட்டு நாங்கள் கொடுத்த மனு உங்கள் மேஜையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் நடந்ததும் உங்கள் காதுக்கு வந்திருக்கும்.

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அக்கா. மார்பில் மையால் போட்டுவிட்ட கோடுகளைக் கறை என்று நினைத்து, வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டார். கதிர் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதற்கான குறி அது. அழிந்தால் மறுபடி அளந்துதான் போட வேண்டும். மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் இறங்கி வந்தவருக்குக் கிடைத்தது எல்லார் முன்னாலும் திட்டு. அன்றைக்குச் சிகிச்சையும் இல்லை. அந்த அரைநாள் கூலி போனதைவிட, 'படிக்காத ஜனம்' என்ற பேச்சுதான் அவரை அழ வைத்தது.

எனக்கும் அதே கோடுகளைப் போட்டார்கள். அந்த இடத்தில் சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் படக்கூடாது, தேய்க்கவே கூடாது, தளர்வான பருத்தி ரவிக்கை போடுங்கள் என்று அந்த அக்காவிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே காவலர் வந்தார். "யார்கூட வந்தீங்க? சீட்டு எங்கே?" வெளியே அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு உத்தரவு போட்டது நீங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் எனக்குச் சிகிச்சை நடந்தது. ஊர்ப் பணத்தில் பிழைத்த உயிர் இது. ரத்தம் கொடுக்கலாம் என்றால் இந்த நோய் வந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள். கட்டடம் கட்டித் தர எங்களிடம் வசதி இல்லை. இருப்பது நேரமும், பட்ட அனுபவமும்தான். கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏற்றி முடிந்து வீட்டுக்குப் போனபின் காய்ச்சல் அடித்தால் கஷாயம் குடித்துப் படுக்காமல் உடனே ஓடி வர வேண்டும் என்று, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்ல எங்களால் முடியும். அதற்குத்தான் ஒரு பெஞ்சும் அடையாள அட்டையும் கேட்கிறோம்.

பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள் வந்தால் எங்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள். மறுநாளே நாங்கள் வெளியாட்களா? 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியதே, தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த வேதனையில்தான். நோயின் வலி அறிந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, விழிப்புணர்வுக்கென்று பேனர் அடிப்பது என்ன நியாயம்?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டர்கள், நர்சம்மாக்கள் மேல் எங்களுக்கு உள்ள நன்றி கொஞ்சமும் குறையவில்லை. மருந்து பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். நீங்கள் போடும் நிபந்தனைக்கெல்லாம் கட்டுப்படுகிறோம். சம்பளம் வேண்டாம், டீ கூட வேண்டாம். கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு பெஞ்சு, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை. அடுத்த திங்கட்கிழமை வருகிறோம். அதற்குள் தயவுசெய்து உத்தரவு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து, உங்களிடம் குணமான ஒருத்தி