மட்டக்குளி ஆடும் உன் கிடாய்க்குட்டிகளும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. கொழும்பில் விடாத மழை. அம்மா சுகம், முழங்கால் நோவு மட்டும் குறையவில்லை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

நீ எழுதிய ஒரு வரி மனதிலேயே நிற்கிறது. ஆறு கிடாய்க்குட்டிகளுக்கும் நலம் எடுக்க, அதாவது விதை நீக்க வேண்டும், குட்டிகள்தானே, பத்து நிமிட வேலைக்கு விறைப்பூசி எதற்கு என்று கேட்டிருந்தாய். போன மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

மட்டக்குளியில் ஒரு வீட்டு ஆடு. குட்டி குறுக்கே கிடந்ததால் வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆடு 30 கிலோ இருக்கும். விறைப்பூசி மருந்தான லிடொகெயின் அளவு மீறினால் ஆட்டுக்கு வலிப்பு வந்துவிடும். கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நான் போவதில்லை. 2 சதவீத மருந்தில் அது ஏழரை மில்லிலீற்றர்தான். அவ்வளவு நீள வெட்டுக்கு அது காணாது. சம அளவு சேலைன் கலந்து 15 மில்லிலீற்றராக்கி, வெட்டப்போகும் இடத்துக்கு மேலேயும் முன்னாலும் வரிசையாகக் குத்தினேன். கொஞ்சம் பொறுத்து ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தேன், ஆடு அசையவில்லை. வெட்டும்போதும் வீட்டுக்கார அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அமைதியாகக் கிடந்தது. இரண்டு குட்டிகள். ஒன்று பிழைத்தது.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான். நோவைக் குறைக்கும் மெலொக்சிகாம் ஒரு ஊசி போட்டுவிட்டு, மூன்று நாளில் வருகிறேன் என்று வந்துவிட்டேன். மாட்டுக்குப் பழகிய கை. மாட்டின் உடம்பில் அந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஆட்டிலோ 11 மணித்தியாலம் அளவில் பாதியாகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல, மச்சான்.

மறுநாள் இரவு அந்த அம்மா போன் எடுத்தார். "கத்தவில்லை ஐயா, ஆனால் பலாக்குழையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது" என்றார். போய்ப் பார்த்தால் சுவர் மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. இரை மீட்கவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. குட்டி முலைக்கு வந்தால் காலால் விலக்கியது. உடனே ஊசி போட்டேன். அப்புறம் நாளுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போட்டேன், நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இரண்டாம் நாள் காலை குழை தின்றது, குட்டியையும் குடிக்க விட்டது. அதற்கு முந்திய அந்த ஒரு நாள் வலியை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

சரி, உன் குட்டிகளுக்கு வருகிறேன். பத்து நிமிட வேலை என்பது நமக்கு. அவற்றுக்கு அந்த நோவு நாள்கணக்கில் இருக்கும். குட்டியாக இருப்பதால் வலி குறைவு என்று நினைக்காதே. விறைப்பூசிக்குச் செலவும் பெரிதல்ல: 4 கிலோக் குட்டிக்கு 2 சதவீத லிடொகெயின் மொத்தமாகவே ஒரு மில்லிலீற்றர்தான் போடலாம். அதைத்தான் பிரித்து இரண்டு விதையிலும் பையின் தோலிலும் போட வேண்டும். ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரக்காரர் பலர் கோட்டை விடுவது அங்கேதான். மெலொக்சிகாமை வெட்டுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், மறுநாளும் ஒன்று. ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசியையும் மறக்காதே.

நாள் குறிக்காமல் கொஞ்சம் பொறு. அடுத்த மாதம் எனக்கு ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைக்கும். கோட்டையில் காலை ரயில் ஏறினால் பின்னேரத்துக்குள் வவுனியாவில் நிற்பேன். மருந்தெல்லாம் நானே கொண்டு வருகிறேன். குட்டிகளை நிறுத்து ஒவ்வொன்றின் எடையையும் எழுதி அனுப்பு, கண்ணளவில் வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்