மேட்டில் நின்று பார்

கோத்தகிரி

அன்புள்ள சுந்தரம்,

கொடைக்கானலிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ஜூலையில் மகளைப் பார்க்கப் பிரான்ஸிலுள்ள கிரனோபிளுக்குப் போகிறாய் என்றறிந்து மகிழ்ந்தேன். அங்கே பல நாட்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில், சில நொடிகளில் கடந்துவிடும் வீரர்களுக்காக நாள் முழுவதும் சாலையோரம் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் காத்திரு, ஆனால் சமவெளியில் நிற்காதே, ஏற்றத்தில் நில்.

சமவெளியில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்லும்போது உழைப்பின் பெரும்பகுதி காற்றை எதிர்ப்பதிலேயே செலவாவதால், வீரர்கள் ஒருவர் முதுகின் மறைவில் ஒருவராகக் கூட்டமாகவே போவார்கள். யார் எவரென்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் பாதியாகிவிடுவதால் அந்த மறைவு அதிகம் உதவாது, அவரவர் உடல் எடையை அவரவரே மேலே தூக்கியாக வேண்டும். கூட்டம் சிதறி, முகம் தெரியும்படி ஒவ்வொருவராக வருவார்கள். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தினர் மசினகுடியிலிருந்து நம் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைப் பார்த்திருந்ததால் எனக்கு இது முன்பே தெரியும்.

2022 ஜூலை 14 அன்று அந்தப் போட்டியைப் பார்க்க ஆல்ப் துவெஸ் மலையில் நின்றேன். 13.8 கி.மீ. ஏற்றம், 21 வளைவுகள். முன்பு அங்கே வென்றவர்களின் பெயர்கள் வளைவுகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 22 வயது டாம் பிட்காக் தனியாக வந்து அன்றைய நாள் போட்டியை வென்றார். ஆனால் என் மனம் மூன்றாவதாக வந்த கிறிஸ் ஃப்ரூமிடமே நின்றுவிட்டது. டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்றவர், 2019இல் விழுந்து தொடையெலும்பும் முழங்கையும் விலா எலும்புகளும் முறிந்தவர், 37 வயதில் மறுபடியும் முன்னணியில் போராடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்த முகத்தின் வேதனையும் பிடிவாதமும் புரியும்.

முன்னணியினர் போனதும் கிளம்பிவிடாதே. சமவெளியில் விரையும் கட்டுடல் கொண்டவர்கள் கடைசியில் ஒன்றுசேர்ந்து வருவார்கள். வென்றவரின் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் காலவரம்பைத் தாண்டினால் மறுநாள் அவர்களுக்குப் போட்டியே இல்லை. அன்று நான் அவர்களுக்குத்தான் அதிகமாகக் கைதட்டினேன்.

சாலையைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். காலையிலேயே நடந்து ஏறிவிடு, தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள். வீரர்கள் வரும்போது கைப்பேசியை நீட்டாதே, கூடவே ஓடாதே. 2021இல் முதல் நாளே பார்வையாளர் ஒருவர் சாலைக்குள் நீட்டிய அட்டையில் ஒருவர் மோத, பின்னால் வந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் சரிந்தார்கள். எந்த மலைக்குப் போவதென்று முடிவானதும் எழுது, எந்த வளைவில் நிற்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
போஜன்