கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தாள். எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

மேலத்தெரு பெரியப்பா நிலத்தில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். முகப்பில் வளைவு, உள்ளே கிராவல் ரோடு, கலர் கலராகக் கொடி. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது, "இனி நாமும் சென்னைக்காரங்கடா!" என்று குதித்தவன் நீதானே? வந்து பார் உன் சென்னையை.

மனை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. பெரியப்பாவுக்குத் தள்ளாமை, பிள்ளைகள் யாரும் சேற்றில் இறங்கப் போவதில்லை. என் வயிற்றைக் கலக்குவது வாய்க்கால். ஏரியின் நடுமதகுத் தண்ணீர் அவர் நிலத்தைத் தாண்டித்தான் கீழே எல்லோருக்கும் பாய வேண்டும். அதன்மேல் ரோடு போட்டு அடியில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். குழாயின் வாய் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் மேலே நிற்கிறது. தண்ணீர் எப்படி ஏறும்? கீழே இந்தப் பட்டம் யாரும் நடவு செய்யவில்லை. அந்தத் தரிசைக் காட்டி, "விளையாத நிலம்தானே" என்று மனை போட்ட அதே புரோக்கர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். ஒரு வீடுகூட எழும்பவில்லை, அதற்குள் நஞ்சை போய்விட்டது.

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், போனால் ஏரிக்கும் நாதியில்லை. மடை திறக்க, கரையில் எலிவளை அடைக்க, ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் தூர்வாரப் பாசனக்காரன்தான் வருவான். மனை வாங்கியவன் ஏரி நிரம்பினால் பயந்து, மிகை நீர் வழியும் கலங்கலை உடைக்கச் சொல்வான். நம்முடையது சங்கிலி ஏரி, ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும். இங்கே உடைத்தால் அடுத்த ஏரி தாங்குமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்டபாடு மறக்கவில்லையே?

இப்போது உன் விஷயம். அந்தப் புரோக்கர் உங்கள் நிலத்துக்கு உன் அண்ணனிடம் முன்பணம் பேசிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அ-பதிவேட்டையும் (கிராம நிலக் கணக்கு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்கிப் பார். வாய்க்கால் தனி சர்வே எண்ணில் புறம்போக்காக இருந்தால் தூர்க்க யாருக்கும் உரிமையில்லை. பட்டாவுக்குள் ஓடும் கிளைக்கால்கள் பல கணக்கிலேயே ஏறியிருக்காது. நிலக்காரன் வாய் திறந்தால்தான் உண்டு. விற்பதென்றால் வில். ஆனால் வாய்க்காலை அதன் முழு அகலத்தோடு மனை வரைபடத்தில் காட்டச் சொல், கிரயப் பத்திரத்திலும் எழுத வை. நாலு மனை குறையும் என்பார்கள், குறையட்டும்.

உன் அண்ணனிடம் நான் பேசினால் அது ஊர்ச் சண்டையாகிவிடும். இந்த வாரமே நீ பேசு. பேசிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
முரளி