படத்தின் இடது மூலையைப் பாருங்கள்: நம் புகைப்படக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர், நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காட்டுயிர்ப் பிரிவில் முதல் பரிசை அறிவித்துப் படத்தைத் திரையில் போட்டதும் அரங்கமே கைதட்டியது. நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன், பழக்கதோஷம். அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லையே என்று செயலாளர் வருத்தப்பட்டாராம். காரணத்தை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கவட்டையில் கிண்ணம் போலச் சின்னக் கூடு, மூன்று குஞ்சுகளின் பிளந்த வாய்கள், அலகில் பச்சைப் புழுவோடு ஒரு மாம்பழச்சிட்டு. தலைப்பு 'தாய்மை'. நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பின்னணி எவ்வளவு சுத்தம் பாருங்கள், ஒரு இலைகூட இடைஞ்சல் இல்லை" என்று பாராட்டினார்.

ஐயா, இலைகள் இருந்தன. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த மரத்தை நான் இருபது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் கழகத்தின் கணினியில் இருக்கும். திறந்து, இடது மூலையில் கீழே பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளையாக வட்டமாக ஒன்று தெரியும். பூ என்று நினைத்திருப்பீர்கள். அது அரிவாள் பட்ட வெட்டுவாய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. அந்தப் பறவை தாயே இல்லை. தலையும் முதுகும் அப்படிக் கறுத்திருந்தால் அது இனப்பெருக்கக் காலத்து ஆண். பெட்டை முதுகு பச்சைசாயலாக இருக்கும். மாம்பழச்சிட்டில் அடைகாப்பதும் ஊட்டுவதும் இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை. பாவம், அந்த அப்பன் வெயிலில் நின்று ஊட்டியதற்கு அம்மா பெயரில் பரிசு வாங்கியிருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஓர் இளம் கொடுக்காப்புளி மரம். ஆடி மாதம் அங்கே ஒரு ஜோடி மாம்பழச்சிட்டு கூடு கட்டுவதைப் பார்த்தேன். சிலந்தி நூலை அலகில் சுற்றிக்கொண்டு வந்து கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இழுத்து இழுத்து ஒட்டும். ஆடிக்காற்றில் கிளை பேயாட்டம் ஆடும், கூடு மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நான் நாற்பது அடி தள்ளி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பேன். முட்டை எத்தனை என்று எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் இரண்டும் மாறி மாறிப் புழுவோடு வர ஆரம்பித்ததும் குஞ்சு பொரித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கூடு இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பவே இல்லை. திரும்பும் வழியில் கரண்ட் கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் கிடைத்தது, அதோடு சரி.

அந்தக் கரையில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர் உண்டு. கொடுக்காப்புளித் தழை என்றால் ஆட்டுக்கு உயிர். முதல் வாரமே அவரிடம் போய், "அக்கா, இந்த ஒரு மரத்தில் மட்டும் ஒரு மாதம் தழை ஒடிக்காதீங்க, குருவி கூடு கட்டியிருக்கு" என்று கேட்டேன். "சரி சார், அதுக்கென்ன" என்றார். சொன்னபடி இருந்தார். பக்கத்து மரங்கள் மொட்டையாகிப் போயின, இந்த மரத்தில் ஒரு கொப்பு குறையவில்லை.

பிசகு என்னிடமிருந்தே தொடங்கியது, மறைக்க விரும்பவில்லை. பேச்சுவாக்கில் ஒரே ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒருவரிடம் சொன்னார். சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் 'லொகேஷன் ப்ளீஸ்' என்று பதினெட்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தது திங்கள் காலையில். அடித்துப்பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

கூட்டை மறைத்திருந்த கொப்புகள் தரையில் வாடிக் கிடந்தன. காற்றில் ஆடாமலிருக்கக் கிளையை நீல நைலான் கயிற்றால் பக்கத்து மரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள், அவிழ்க்கக்கூட இல்லை. (பரிசுப் படத்தில் கயிறு இல்லை. அதைக் கணினியில் அழிக்கத் தெரிந்தவருக்கு மரத்திலிருந்து அவிழ்க்க நேரமில்லை.) கூடு காலி. காக்காயா, செம்போத்தா, நான் பார்க்கவில்லை. இரண்டுக்குமே, திறந்து வைத்த கூடு திறந்து வைத்த சாப்பாட்டு டப்பாதான். பெற்றவை இரண்டும் புழுவோடு வந்து வந்து, கூட்டு விளிம்பில் உட்கார்ந்து, எழுந்து போய்க்கொண்டிருந்தன. யாருக்கு ஊட்டுவது என்று தெரியாமல் அந்தப் புழுவை என்ன செய்தன என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா ஆட்டோடு வந்தார். "நேத்து உங்க ஆளுங்கதான் வந்திருந்தாங்க சார். ஆறேழு பேரு. மத்தியானம் வரைக்கும் இருந்தாங்க. குருவிக்கு வெளிச்சம் பத்தலைன்னு என் அரிவாளைத்தான் வாங்கி வெட்டினாங்க." கொஞ்சம் நின்றுவிட்டு, "என்னை வெட்டக்கூடாதுன்னு சொன்னீங்களே" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

'உங்க ஆளுங்க' என்ற சொல்லோடுதான் நான் இந்த ஐந்து மாதமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

படம் எடுத்தவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் புதியவர், இளைஞர். எந்தப் படத்துக்கு நாம் கைதட்டுகிறோம் என்று பார்த்துப் பாடம் படித்தவர். பாடம் நடத்தியவர்கள் நாம்தான். அதனால் என் கோரிக்கை அவரிடம் அல்ல, உங்களிடம். அடுத்த போட்டியின் விதிமுறையில் ஒரே ஒரு வரி சேருங்கள்: கூட்டில் இருக்கும் பறவை, முட்டை, கூட்டுக் குஞ்சு ஆகியவற்றின் படங்கள் ஏற்கப்படாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதை நான் கேட்பது மூன்றாவது முறை. முதல் முறை பொதுக்குழுவில் வாய்மொழியாகக் கேட்டபோது 'பரிசீலிக்கிறோம்' என்றீர்கள். இரண்டாவது முறை எழுத்தில் கேட்டேன். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், "பறவைப் புகைப்படக் கலையே கூட்டில்தான் தொடங்கியது, தம்பி" என்றார். உண்மைதான். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1890களில் முட்டையோடு கூட்டைப் படம் எடுத்துத்தான் இந்தக் கலைக்குப் பிள்ளையார்சுழி போட்டார்கள். பஞ்சடைத்த மாட்டுத் தோலுக்குள் ஒளிந்து உட்கார்ந்தெல்லாம் படம் எடுத்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது கண்ணாடித் தகடும் மரப்பெட்டிக் கேமராவும். பறவை கிட்டே வந்து ஓரிடத்தில் நின்றால் ஒழியப் படம் கிடையாது, அது நிற்கிற இடம் கூடுதான். நம் உறுப்பினர்கள் கையில் எட்ட நின்றே பறவையைப் பெரிதாக எடுக்கிற 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது. கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கிறது, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. இத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு இன்னமும் கூட்டு வாசலில்தான் போய் நிற்பேன் என்றால், அந்த லென்ஸை விற்றுவிடலாமே. நல்ல விலைக்குப் போகும்.

அதே இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் என்று பெரிய பறவைப் புகைப்படக்காரர். 1937இல் ஆந்தைக் கூட்டருகே போனபோது ஆந்தை பாய்ந்து அவருடைய இடது கண்ணையே பறித்துவிட்டது. அந்த ஆந்தைக்குப் பொதுக்குழு, மனு, பரிசீலனை எதுவும் தேவைப்படவில்லை. மாம்பழச்சிட்டுக்கு அப்படிப்பட்ட நகம் இல்லை. அதற்காகத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்கிறது. துப்பாக்கியும் கவணும் இருந்தால்தான் வேட்டை என்றில்லை. விழா மேடையில் நாம் மாலை போட்டது யாருக்கு என்று இதை ஒரு தடவை படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சொன்னால் நீளும். இரட்டைவால் குருவியின் குரலை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டு, எதிரி வந்துவிட்டது என்று அது பதறிப் பறந்து வரும்போது 'என்ன ஆக்‌ஷன்!' என்று படம் சுடுவது. பகலில் தூங்குகிற ஆந்தைமேல் ஃப்ளாஷ் அடிப்பது. பறவைக்குத் தீனியாக விற்கிற மீல்வார்ம் புழு டப்பாவோடு காட்டுக்குள் போய், ஏதோ கல்யாணப் பந்தி போல வரிசையாகத் தூவி வைப்பது. அப்புறம் அதே படத்துக்குக் கீழே 'இயற்கையைக் காப்போம்' என்று எழுதுவது. போன வருட முகாமில் சாப்பாடு சரியில்லை என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம், பறவையை எப்படி அணுகுவது என்று ஐந்து நிமிடம் பேசவில்லை. ட்ரைபாட் வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தோம். சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன், மன்னிக்க வேண்டும். விதிமுறையில் ஒரு வரி. அதற்குத்தான் வந்தேன்.

வேடந்தாங்கலில் கரையில் நின்றபடி எல்லோரும் எடுக்கிற நாரைக் கூட்டுப் படம்கூடக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே பறவை ஏரி நடுவே, மனிதன் கரையில், யாரும் கொப்பை வெட்டப் போவதில்லை. எடுங்கள், வீட்டில் மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு கூட்டுப் படத்தைத் திரையில் பார்த்து, இது எட்ட நின்று எடுத்தது, இது வெட்டி எடுத்தது என்று நடுவரால் பிரிக்க முடியாது. போன ஞாயிறு முடியவில்லையே. அதனால் போட்டிக்கு மட்டும் மொத்தமாக வேண்டாம் என்கிறேன். இதில் சில நல்ல படங்கள் வெளியே நிற்கும், எனக்கும் வருத்தம்தான். என்னிடமே நத்தைகுத்தி நாரைக் குடும்பம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. எங்கும் அனுப்ப மாட்டேன்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்டாசையே விட்டுக்கொடுக்கிறார்கள், லட்ச ரூபாய் கேமரா வைத்திருக்கிற நாம் போட்டியில் கூட்டுப் படத்தை விட்டுக்கொடுக்க இரண்டு வருடமாகப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏதோ நான் மட்டும் யோக்கியன் போலப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். 2016இல் இதே கழகத்தில் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. தையல்சிட்டுக் கூடு. இலை தைத்த தையல் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று பாராட்டினீர்கள். தெரியாமல் என்ன செய்யும்? முன்னால் மறைத்த இலையை விலக்கிக் கொடியில் துணி மாட்டும் கிளிப்பால் பின்பக்கம் பிடித்து வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டேன், இலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன். அந்தக் கூட்டில் பிறகு என்ன ஆனது என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை. அப்போது விதிமுறையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்தக் கிளிப்பை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன். நல்லவனாக இருந்ததால் அல்ல, பரிசு கிடைக்காது என்பதால். பெரும்பாலும் நாம் எல்லோரும் அவ்வளவுதான்.

அந்தக் கேடயத்தையும் சான்றிதழையும் நேற்றுச் சாயங்காலம் கழக அறையில் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். ரசீது எழுதட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இந்த ஆண்டு முதல் பரிசைத் திரும்ப வாங்குவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. அந்த இளைஞரைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் காலை என்னோடு ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். அந்த அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இருவராகப் போனால் ஒருவேளை முடியும்.

அடுத்த போட்டி அறிவிப்பு மாசி மாதம் அச்சுக்குப் போகும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அதற்குள் செயற்குழு கூடி, விதிமுறையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று மூன்றாவது முறையாக, பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய உறுப்பினன் ஒருவன்
(சந்தா பாக்கி இல்லை)