தேவாங்கைக் காட்டியவர்களுக்கு

அய்யலூர்ப் பக்கத்துக் கிராமத்து மக்களுக்கு வணக்கம்.

போன தை மாதத் தேய்பிறையில் உங்கள் ஊருக்கு வந்து, இரண்டு ராத்திரி தங்கி, உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று, காலில் முள்ளோடு திரிந்தவன் நான். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, கூடவே கேள்வி கேட்டே உயிரை எடுக்கும் பத்து வயசுப் பையன். இந்த அடையாளம் போதும். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமையே நாலு கார் வந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய டார்ச் இருக்கும்.

எதற்கு வந்தீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, "அக்கா பையன் காடு பார்க்கணும்னு ஆசைப்பட்டான்" என்றேன். அது பாதி உண்மைதான். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்குத் தேவாங்கு என்றுதான் பெயர், ராத்திரியில் மரத்தில் திரியும் அந்தக் குரங்கு மாதிரிச் சின்னப் பிராணியின் பெயர். குச்சிக் கை, குச்சிக் கால், கண் மட்டும் பெரிசு. பெயர் வைத்தவனும் தேவாங்கைப் பார்த்ததில்லை, சிரித்தவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வயதில், சரி, ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதல் நன்றி கண்டக்டர் அண்ணனுக்கு. திருச்சியிலிருந்து வந்த பஸ் வண்டிக்கருப்பண்ணசாமி கோயிலில் நின்றது. எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கீழே இறங்கி, தக்காளிக் கூடை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினி வேனை நிறுத்தினார். "பச்சப்புள்ளையோட இருட்டுல எங்க நடப்பீங்க, இதுல ஏறுங்க" என்று எங்களை ஏற்றிவிட்டார். வேன்காரரிடம் காசு நீட்டினேன், வாங்கவில்லை. பையன் மடியில் மட்டும் நாலு தக்காளியைப் போட்டார்.

வனக்காப்பாளர் சார், உங்களுக்கு நான் நன்றி சொல்வது நீங்கள் எங்களை உள்ளே விடாததற்காக. "ராத்திரியில காப்புக்காட்டுக்குள்ள யாரையும் விடுறதில்ல சார்" என்று நீங்கள் சொன்னபோது முகம் தொங்கிப்போனது நிஜம். ஆனால் அதோடு அனுப்பிவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினீர்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது, தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுதான் என்பது, சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது என்பது எல்லாம் உங்கள் வாயிலிருந்து தெரிந்துகொண்டவை. புலியும் தேவாங்கும் ஒரே பட்டியல் என்றதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அதுக்குக் காட்டு எல்லையெல்லாம் தெரியாது சார். வேலியோரத் தோட்டத்துல கேட்டுப் பாருங்க" என்றீர்களே, அதுதான் எங்களுக்குக் கிடைத்த வழி.

அடுத்து, ஆட்டுக்காரப் பாட்டி. மறுநாள் பகல் முழுக்க உங்கள் ஆட்டுக்குப் பின்னாலேயே கரட்டோரம் சுற்றினோம். எனக்கு முள்மரம் என்றால் எல்லாம் ஒன்றுதான், கருவேலம். நீங்கள் கம்பால் தட்டித் தட்டிப் பேர் சொன்னீர்கள்: வெட்டவெளுத்த அடிமரம் வெள்வேல், பட்டை தாள்தாளாய் உரிவது கிளுவை, கொக்கி முள்ளோடு சட்டையைப் பிடித்து இழுப்பது சூரை. உசிலங்கொழுந்தை உருவி உள்ளங்கையில் கசக்கி, பையன் தலையில் தேய்த்து, "இதாண்டா அரப்பு" என்றீர்கள். அரப்பு பாக்கெட்டில்தான் விளைகிறது என்று அவன் நினைத்திருந்தானோ என்னவோ, மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் அந்த விடத்தலை முள். ரப்பர் செருப்போடு காட்டோரம் வந்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி, நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நீங்கள் திட்டவில்லை. தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி, முள்ளைச் சுற்றித் தோலை நெம்பிவிட்டு, எருக்கிலையைக் கிள்ளி ஒரு சொட்டுப் பால் வைத்தீர்கள். "கண்ணுல கிண்ணுல பட்டுடப் போகுது, கைய எடுறா" என்று பையனுக்கு ஒரு அதட்டல். சாயங்காலம் முள் தானாகவே தலைகாட்டியது. நெல் நீளம் இருந்தது. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

தோட்டத்து அண்ணே, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று மூன்று தடவை அடித்தடித்து எழுதிவிட்டேன். முன்பின் தெரியாத ஆள் வந்து ராத்திரியில் உங்கள் வேலியைப் பார்க்க வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "புடிக்க மாட்டீங்கள்ல?" மருந்துக்கென்றும் மாந்திரீகத்துக்கென்றும் முன்னெல்லாம் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பிறகு சொன்னீர்கள். வெளியே கிளம்பும்போது எதிரே பட்டால் காரியம் விளங்காது என்று உங்கள் அப்பா திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாராம். இப்போது நீங்கள், முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறினால் "இவன் ஏண்டா இன்னும் வரல" என்று வேலியைப் பார்க்கிறீர்கள்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தீர்கள். வெள்ளை வெளிச்சம் அந்தப் பெரிய கண்ணுக்கு ஆகாது என்றீர்கள். எட்டரை மணியிலிருந்து பத்து மணிவரை கொசுக்கடிதான் மிச்சம். பையன் தூங்கி விழுந்தான். அப்போது கிளுவை வேலிக்கு மேலே, என் தலையைவிட ஒரு முழம் உயரத்தில், இரண்டு கங்கு. அணையவில்லை, சிமிட்டவில்லை, எங்களையே பார்த்தது.

கால்மணி நேரம் பார்த்திருப்போம். ஒரு கையால் அடுத்த கொப்பைப் பிடித்த பிறகுதான் பின்னங்காலை விட்டது. இலை அசையவில்லை. ஒரு சாண் உடம்பு, வால் கிடையாது, கைகால்கள் பென்சில் பருமன்தான். இவ்வளவு மெதுவாகப் போவது எப்படிச் சாப்பிடும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே கை வெடுக்கென்று நீண்டது. ஏதோ ஒரு பூச்சி. மொறுமொறுவென்று கடித்தது கேட்டது, அல்லது கேட்ட மாதிரி இருந்தது. அது தன் மூத்திரத்திலேயே கைகாலை நனைத்துக்கொள்ளும் என்று நீங்கள் காதோரம் சொன்னீர்களே, பையன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அப்புறம் என் சட்டையை இழுத்து, "மாமா, உன்ன மாதிரி இல்லவே இல்ல. இது அழகா இருக்கு" என்றான். பட்டப்பெயர்க் கதையை அவனுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

வேலி வழியாகவே நகர்ந்து நகர்ந்து பக்கத்துத் தோட்ட எல்லைவரை போனது. அங்கிருந்து கம்பிவேலி. கொஞ்ச நேரம் கடைசிக் கொப்பிலேயே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பியது. தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிக்கும் தப்பாது என்றீர்கள். உங்கள் வேலியை வெட்டிவிட்டுக் கல்கால் நடச் சொல்லி வீட்டிலேயே பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு அக்கா பரிமாறும்போது ஜாடையாகச் சொன்னார். செலவுக் கணக்கில் நான் மூக்கை நுழைக்க முடியாது. ஆனால் அந்தக் கடைசிக் கொப்பில் அது நின்ற நிற்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அண்ணே.

அக்கா, உங்கள் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் நடுராத்திரி வைத்துக் கொடுத்த ரசத்துக்கும் தனியாக நன்றி. பையன் வீட்டில் கீரை கேட்கிறான், என் அக்காவுக்கு நம்பவே முடியவில்லை.

பாட்டி, போட்டோ கேட்டீர்கள். எடுக்க முடியவில்லை, சிவப்பு வெளிச்சத்தில் போனில் ஒன்றும் விழவில்லை. பதிலுக்குப் பையன் வரைந்த படத்தை அனுப்புகிறேன். அதில் தேவாங்குக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான், கண்டுகொள்ள வேண்டாம். நீங்கள் முடிந்து கொடுத்த அரப்பு இன்னும் ஒரு தலைக்குத்தான் வரும். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தைக்கு எப்படியும் வருவீர்கள்தானே? சித்திரையில் ஒரு வியாழனாகப் பார்த்து வருகிறோம். இந்தத் தடவை ஷூ போட்டுக்கொண்டு.

இப்படிக்கு,
தேவாங்கு
திருச்சி