அடைமொழி இல்லாத மெத்தடுகள் அனைத்தையும் பப்ளிக் ஆக்கிவிடும் உங்கள் நிரல் மாற்றி குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அலுவலர், சென்னை
அனுப்புநர்: சந்தாதாரர், ஜெயநகர், பெங்களூரு

ஐயா,

வணக்கம். ஜாவா மொழியில் எழுதிய நிரலை சி ஷார்ப் மொழிக்கு மாற்றித் தரும் உங்கள் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டியவன் நான். உதவி மையத்தில் பதிந்த புகார்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடப்பதாலும், அழைக்கும்போதெல்லாம் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாலும், தலைமையகத்துக்கே எழுதுகிறேன்.

ஒரு மெத்தடை, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியை, எங்கிருந்தெல்லாம் அழைக்கலாம் என்ற வரம்பை மாறாமல் காப்பதுதான் உங்கள் 'வரம்பு காப்பு' அமைப்பின் வேலை. அதை இயக்கிய பிறகும், ஜாவாவில் எந்த அணுகல் அடைமொழியும் இல்லாமல் பேக்கேஜ் எனும் தொகுப்புக்குள் மட்டும் புழங்கிய மெத்தடுகள் எல்லாம் பப்ளிக் (எங்கிருந்தும் அழைக்கலாம்) விர்ச்சுவல் (சேய் கிளாஸ் மாற்றி எழுதலாம்) என்று வெளிவருகின்றன. பேக்கேஜுக்குச் சரியான இணை சி ஷார்ப்பில் இல்லை என்பதும், ஒரே அசெம்ப்ளிக்குள், அதாவது சேர்த்துக் கம்பைல் செய்த ஒரே கோப்புக்குள், மட்டும் திறந்த இன்டர்னல்தான் அதற்கு ஓரளவு அருகில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இன்டர்னலைக்கூட உங்கள் மென்பொருள் ஓரிடத்திலும் எழுதவில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று உங்கள் அலுவலர் கேட்டார். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வட்டிக் கணக்கு நிரலில், தாய் கிளாஸ் (மெத்தடுகளைத் தொகுத்த அலகு) ஒரு பேக்கேஜிலும் அதிலிருந்து பிறந்த சேய் கிளாஸ் வேறொரு பேக்கேஜிலும் இருக்கின்றன. இரண்டிலும் பைசாவை முழுமையாக்கும் மெத்தட் ஒரே பெயரில் உள்ளது. தாயின் மெத்தட் பேக்கேஜுக்கு வெளியே தெரியாது என்பதால் ஜாவாவில் சேய் அதை ஓவர்ரைடு செய்வதில்லை, அதாவது அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. தாய் கிளாஸின் கணக்கு தன் மெத்தடையே அழைக்கும். உங்கள் மென்பொருளோ தாயில் விர்ச்சுவல் என்றும் சேயில் ஓவர்ரைடு என்றும் எழுதிவிட்டதால், அதே கணக்கு இப்போது சேயின் மெத்தடுக்குத் தாவுகிறது. சேயில் ஓவர்ரைடுக்குப் பதில், இது தனி மெத்தட் என்று சொல்லும் நியூ இருந்திருந்தால் பழைய நடத்தை மாறியிருக்காது. நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவாக்கும் கம்பைலர் முணுமுணுக்கவே இல்லை, வட்டிதான் மாறியது. பத்தாண்டுகளாக நான் சேர்த்த நற்பெயர் முழுவதும் அந்த ஒரே அறிக்கையில் போய்விட்டது.

இதைச் சொன்னபோது அந்த அலுவலர், "கம்பைல் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன? ஜாவால ஒண்ணும் போடலைன்னா அது பப்ளிக்தான், போய்ப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். அவர் சொன்னது, கிளாஸ் நிறைவேற்ற வேண்டியவற்றைப் பட்டியலிடும் இன்டர்ஃபேஸின் மெத்தடுகளுக்குத்தான் பொருந்தும். கிளாஸ் மெத்தடுகளுக்குப் பொருந்தாது. மொழி மாற்றும் மென்பொருளை விற்கும் நிறுவனத்தில், இதுகூடத் தெரியாத ஒருவர் வாடிக்கையாளரைப் படிக்கச் சொல்வதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அதற்கு முன்பே, நேரில் வந்தால் பொறியாளர் பார்ப்பார் என்று நீங்கள் எழுதியதை நம்பி, மடிக்கணினியோடு சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வைட்ஃபீல்டு கிளைக்கு வந்தேன். வரவேற்பறையில் உட்கார வைத்து ஒரு காபி கொடுத்தார்கள், அவ்வளவுதான். இங்கே விற்பனைப் பிரிவு மட்டும்தான் இருக்கிறது என்று மாலையில் சொல்வதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். சேய் கிளாஸ்களுக்குத் திறந்த புரொடெக்டட், ஜாவாவில் அதே பேக்கேஜுக்கும் திறந்தது; சி ஷார்ப்பின் புரொடெக்டட் அப்படியல்ல. புரொடெக்டட் இன்டர்னல் என்று எழுத வேண்டிய இடங்களில் வெறும் புரொடெக்டட் வந்திருப்பதால், அவற்றை நான் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். கையால் திருத்தவா உங்களுக்குப் பணம் கட்டினேன்?

தங்கள் பொறியாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. எனவே தயவுசெய்து, இந்தப் பிழையை நன்கு அறிந்த ஒருவர் என் கோப்புகளைப் பார்த்துத் திருத்திய பதிப்பை அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இயலாதெனில் சந்தாத் தொகை முழுவதையும், கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். பதினைந்து நாட்களுக்குள் இரண்டில் ஒன்று நடக்காவிட்டால், சுயதொழிலில் பிழைப்பதற்காக வாங்கியவன் என்ற முறையில், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் பெங்களூரு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். அதற்கு முன் 1915 எனும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவேன். மூல நிரலையும் நீங்கள் மாற்றித் தந்த நிரலையும் இத்துடன் இணைத்துள்ளேன். வட்டிக் கணக்குக் கோப்பை முதலில் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்