ராயக்கோட்டை மலையின் வரலாற்றைத் தமிழில் அச்சிட உதவுங்கள்

அன்புடையீர்,

வணக்கம். விடுமுறை நாளில் நம் மலைக்கோட்டைக்கு ஏறி இறங்கும் பிள்ளைகளை நிறுத்தி, "இங்கே எதற்காகக் கோட்டை கட்டினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "திப்பு சுல்தான் கோட்டை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களால் சொல்ல முடிவதில்லை. குறை அவர்களுடையது அல்ல. அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு புத்தகம் இல்லை. அதை எழுதி அச்சிடவே இந்தக் குழு கூடியிருக்கிறது.

கீழே பாராமகால் சமவெளி (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம்), மேலே மைசூர் பீடபூமி. இரண்டையும் இணைக்கும் கணவாய் வழியைக் காத்து நிற்பது நம் மலை. அந்த வழிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது 1791இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம், திப்புவோடு போரிட்டு அவருடைய தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போன ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் தலைவர் காரன்வாலிஸ், முற்றுகையைத் தொடங்காமலே திரும்பினார். பீரங்கி இழுக்கும் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. படைக்குத் தானியம் இல்லை. பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்கு நடந்தார்கள். கீழே கிழக்கிலுள்ள தமிழ்ச் சமவெளியிலிருந்து (அன்று அதற்குக் கர்நாடகச் சீமை என்று பெயர்) அரிசி மேலே ஏறி வர வேண்டுமென்றால் கணவாய் கையில் இருக்க வேண்டும் என்று கும்பினிக்கு அப்போது உறைத்தது. ஜூலையில் மேஜர் கௌடியின் படை ஓசூரைப் பிடித்து, அடுத்து இங்கே வந்தது. கீழ்க்கோட்டை தாக்குதலில் விழுந்தது; மேல்கோட்டை சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையில் ஏற முயன்ற கும்பினிப் படை தோற்றுத் திரும்பியதையும் சேர்த்துப் படித்தால்தான், இந்த மலைகளைக் காத்த வீரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது விளங்கும்.

போரை முடித்து திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் கும்பினிக்குப் போனது. அதன்பின் 7 ஆண்டுகள் ராயக்கோட்டை எல்லைக் காவல் நிலையமாக இருந்தது. மேற்கே திப்புவின் நாடு, கிழக்கே கும்பினியின் சீமை. 1799 மார்ச்சில் மீண்டும் திப்புவை எதிர்த்துப் போன கும்பினியின் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இவ்வழியாகத்தான் எல்லை கடந்தது. அதனோடு சென்ற மாடுகள் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம். தானியப் பொதிகளை ஏற்றி வந்தவர்களில் பெரும்பாலோர் பொதிமாடுகளில் சரக்கு ஏற்றி ஊர் ஊராகப் போகும் லம்பாடிகள். மே 4 அன்று திப்பு வீழ்ந்தார். எல்லையே இல்லாமற்போன பிறகு எல்லைக் காவலுக்கு என்ன வேலை?

தளபதிகளின் பெயர்கள் ஆங்கில நூல்களில் பத்திரமாக இருக்கின்றன. மேல்கோட்டைக்கு அரிசி சுமந்தவர், பொதிமாடு ஓட்டியவர், படை போன தடத்தில் பயிரை இழந்தவர் ஆகியோரின் கதையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடு காலத்து பாராமகால் ஆவணங்களில் இந்த வட்டாரத்து மக்கள், விளைபொருள்கள், வரிகள் பற்றிய விவரங்கள் நிறையவே உள்ளன. அவற்றில் நம் ஊரைப் பற்றிய பகுதிகளைத் தமிழாக்கி நூலின் பாதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எங்களுக்கு இதுவே முக்கியமான பகுதி.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே ஒரு கல்லையும் நாங்கள் நகர்த்தப் போவதில்லை. இந்தப் பணத்தில் கட்டடமோ விழாவோ கிடையாது. 160 பக்கம், வரைபடங்களுடன் 1,000 பிரதிகள் அச்சிட 2,40,000 ரூபாய் ஆகும். குழுவினர் எங்களுக்குள் 60,000 ரூபாய் போட்டிருக்கிறோம். மீதி 1,80,000 ரூபாய்க்கு உங்களை நாடுகிறோம். 240 ரூபாய் கொடுத்தால் ஒரு பிரதிக்கான செலவு தீரும். சுற்றுவட்டாரப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிறகே மற்றவை விற்பனைக்கு வரும். கொடுக்கும் தொகைக்குக் கையோடு ரசீது தருவோம். நூல் வெளிவரும் நாளில் வரவுசெலவுக் கணக்கை அச்சிட்டு ஒட்டுவோம்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் தயங்க வேண்டாம். வீட்டுப் பரணில் பழைய பத்திரம், ஓலைச்சுவடி, கோட்டையின் பழைய புகைப்படம் எது இருந்தாலும் சொல்லியனுப்புங்கள். உங்கள் கண் முன்னாலேயே படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். மலையைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்ன கதை தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். அந்தக் கதைகளுக்கான பக்கங்களை இன்னும் அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நூல் குழுவினர்,
ராயக்கோட்டை